மூன்று ஞாயிறு ஓலை

மாதா கோயிலில் அக்காவுக்கு இரண்டாம் ஆண்டுப் பூசை முடிந்துவிட்டது. அவள்மேல் எனக்கிருக்கும் கோபம் மட்டும் அடங்கவில்லை. செத்தவளை வையக்கூடாது என்கிறார்கள். என்னை ஏமாற்றிவிட்டுப் போனவளை வேறென்ன செய்வதாம்?

நான் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவள். கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் செல்களில் ஆர்.என்.ஏ. மேல் ஏறும் வேதிக்குறிகளைப் பார்ப்பதுதான் பிழைப்பு. திண்டுக்கல்லில் டீச்சராக இருந்த அக்கா, ஒரு விடுமுறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டே, "அம்புட்டு நாளா அப்பிடி என்னத்தத்தான்டி பாக்குற?" என்று கேட்டாள். அவள் கையிலிருந்த தாளையே காட்டினேன். ஆர்.என்.ஏ. என்பது செல்லுக்குள் போகும் செய்தி. அதன் எழுத்து அப்படியே இருக்கும், மேலே அவள் போடும் டிக் மாதிரி சின்னதாக ஒரு குறி விழும். எந்தச் செய்தி நிலைக்கும், எது சீக்கிரம் அழியும் என்பதில் அந்தக் குறிக்குப் பங்கு உண்டு. இந்த நோயில் குறிகள் தாறுமாறாகி, அழிய வேண்டிய சில செய்திகள் அழியாமல் நின்று கட்டியை வளர்த்துவிடும்.

"அப்ப எழுத்த மாத்தாமயே ஏமாத்திப்புடலாம்னு சொல்லு" என்று சிரித்தாள்.

அந்த வாரம் கோயில் மண்டபத்தில் பெண்களுக்கான பரிசோதனை முகாம். கூச்சப்பட்டவளை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். படிவத்தில் போன் நம்பர் கேட்ட இடத்தில், எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோரையும் போல, புருஷன் நம்பரை எழுதினாள். அவளுடைய போன் அவள் மடியிலேயே இருந்தது. பக்கத்தில் நின்ற எனக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை.

பத்து நாள் கழித்து, முடிவு வந்ததா என்று அத்தானிடம் கேட்டேன். "ஒண்ணுமில்லம்மா, எல்லாம் நல்லாருக்காம்" என்றார். நம்பினேன். அதே மாதம் அக்கா மகளுக்குச் சம்பந்தம் கூடி வந்தது. வேலை தலைக்குமேல் கிடந்தது.

கல்யாணம் முடிந்த பிறகு, அம்மாவுக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை என்று மகள்தான் போன் செய்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முகாம் சீட்டைக் கேட்டார். முகாமிலிருந்து போன் வந்தபோது போய் வாங்கியதை அத்தான் பர்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மேல் பரிசோதனைக்கு உடனே வரச்சொல்லி எழுதியிருந்தது. எட்டு மாதத்துக்கு முந்தைய தேதி.

"அப்பவே வந்திருந்தா ஆபரேஷனோட போயிருக்கும்" என்றார் டாக்டரம்மா.

வராந்தாவில் வைத்து அத்தானை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். உள்ளே கட்டிலிலிருந்து அக்கா கூப்பிட்டாள்.

"அவர வையாதடி. அன்னைக்கே எங்கிட்ட சொல்லிட்டாரு. ஒங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு நாந்தான் சத்தியம் வாங்குனேன். மாப்ள வீட்டுக்குத் தெரிஞ்சா, இந்தச் சீக்கு மகளுக்கும் வரும்னு ஒதுங்கிருவாங்க. ஒனக்குத் தெரிஞ்சா நீ கல்யாணத்தத் தள்ளி வச்சிருப்ப."

"ஆமா. தள்ளித்தான் வச்சிருப்பேன்."

"அதான் சொல்லல" என்றாள்.

முகம் தெரியாத பெண்களின் சதைத்துணுக்கை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் மாரடித்தேன். சொந்த அக்காவுக்கு வந்தபோது நான் ஆகாதவளாகிவிட்டேன். அவள் செத்ததைவிட அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிறும் கோயிலில் ஓலை வாசித்தார்கள். பெண், மாப்பிள்ளை பெயரைச் சொல்லி, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து தெரிவிக்கலாம் என்று பங்குச் சாமியார் வாசித்தபோதெல்லாம், அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மகளைக் கட்டிக்கொடுக்கும் சந்தோஷம் என்று நினைத்து, நானும் இறுக்கிப் பிடித்தேன்.