நாலு கோடு தூரம்

இது கட்டுக்கதை என்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். போகிற வழியில் எதுவும் தடுக்கினால் நான் பொறுப்பல்ல. கடலூர் பேருந்து நிலையத்தில் முப்பத்திரண்டு வருடம் நேரக் காப்பாளராக இருந்தவன் நான். சூரியன் ஒரு நிமிடம் தாமதமாக வந்தாலும் மெமோ கொடுத்திருப்பேன்.

போன வருடம் சிதம்பரத்தில் என் அக்கா ரத்தினம்மாள் இறந்துபோனாள். ஒரே மகன் செம்பியன் சிங்கப்பூரில். அவன் வந்துதான் கொள்ளி வைக்கவேண்டும். அக்காவைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டுக் காத்திருந்தோம்.

அக்காவுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. மகன் விமானம் ஏறினால் சமையலறை நிலைக்காலில் வெற்றிலைச் சுண்ணாம்பால் மணிக்கு ஒரு கோடு போடுவாள். டிவியில் இரண்டு நாடகம் முடிந்தால் ஒரு மணி! நாலு கோடு ஆனால் சென்னை. “எறங்கிட்டேன்” என்று அவன் போன் செய்ததும் குறுக்கே ஒரு கோடு. இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர், அவளுக்கு நாலு கோடு தூரம். எவ்வளவு கேலி செய்திருக்கிறேன்!

அன்று நம்மூர் நேரம் காலை 9:30க்கு அவன் விமானம் கிளம்பியது.

10:30. தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். நிலைக்காலில் ஒரு கோடு. பழசு என்று விட்டுவிட்டேன்.

11:30. இரண்டு.

12:30. மூன்று. தொட்டேன்... ஈரம். எந்தக் கழுதையோ விளையாடுகிறது என்று திட்டினேன்.

1:30க்கு நாலாவது கோடும் வந்தது. செம்பியனிடமிருந்து போன் வரவில்லை.

அக்காவின் கொழுந்தன் இளவரசு இருக்கிறானே, கைப்பேசியைக் கேட்காமல் கொட்டாவிகூட விடாத மேதை. இரண்டு மணிக்கு அந்தத் திரையை என் மூக்கில் இடித்தான்.

“நாலு மணி நேரந்தான் மச்சான் பயணம். எறங்கியிருந்தா அரை மணி ஆயிருக்கும். போன் சுவிட்ச் ஆஃப். அவன் ஏறியே இருக்க மாட்டான்.”

“அதனால?”

“பொழுதோட எடுத்துடலாம். நானே கொள்ளி வெக்கிறேன்.”

பெட்டியைச் சுற்றி ஆட்கள் கூடினார்கள். நான் சமையலறைக்கு ஓடினேன். நாலு கோடு. குறுக்குக் கோடு... இல்லை.

“யாரும் தொடாதீங்கடா! அவன் இன்னும் மேலதான் இருக்கான்!”

“உனுக்கு யாரு சொன்னா?”

வாசற்படியை மறித்துக்கொண்டு நின்றேன். அரை மணி நேரம் நகரவில்லை.

2:30.

வாசற்படிக்கு நேரெதிரே தெரிந்த சமையலறை நிலைக்காலைப் பார்த்தேன். சமையலறையில் யாருமில்லை.

சர்ர்ர்...

நகம் மரத்தில் உரசும் சத்தம்.

என் கண்ணெதிரே... ஐந்தாவது கோடு. மேலிருந்து கீழே... மெதுவாக.

பிறகு, குறுக்கே ஒன்று.

என் வழுக்கையில் இல்லாத முடியெல்லாம் நட்டுக்கொண்டது.

போன் அடித்தது.

“மாமா, இப்பதான் எறங்கினேன். ஒரு மணி நேரமா மேலயே சுத்த வுட்டுட்டாங்க. எடுத்துடலையே?”

“இல்லடா. வா.”

அவன் வந்து சேர இருட்டிவிட்டது. மறுநாள் காலை எட்டுக்குத்தான் பெட்டியைத் திறந்து, கைகளை மூடிக் கிடந்த மாலைகளை எடுத்தோம்.

முதலில் பார்த்தது இளவரசு. கைப்பேசி தரையில் விழுந்தது. அவன் குனியவில்லை.

இறந்த அன்று அக்காவின் இரண்டு கைக் கட்டைவிரல்களையும் துணியால் சேர்த்துக் கட்டியவன் அவன்தான்.

கட்டு அவிழ்ந்திருந்தது.

வலது ஆள்காட்டி விரல் நுனியில்... சுண்ணாம்பு.