எக்ஸ்ரே அறையில் எண்ணிய விலா எலும்புகள்

எக்ஸ்ரே அறையில் உதவியாளராக இருந்தவர்களுக்குத் தெரியும், ஒரு நாளில் நாம் அதிகம் சொல்வது "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்பதைத்தான். திருநெல்வேலியில் ஓர் ஆஸ்பத்திரியில் தொண்ணூறுகளில் எனக்கும் அதுவே வேலை.

இடதுபக்கம் ஏன் சின்னது?

வண்ணார்பேட்டைப் பாத்திரக்கடைக்காரர் ஒருவர் தன் படத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார். இடது நுரையீரல் சிறுத்துப் போச்சாம். எல்லோருக்குமே வலதில் மூன்று மடல், இடதில் இரண்டு, இதயம் அந்தப் பக்கம் இடம் பிடித்திருப்பதால் நுரையீரல் ஒதுங்கிக்கொள்கிறது என்று எங்கள் எக்ஸ்ரே டாக்டரம்மா சொல்லக் கேட்டதைச் சொன்னேன். கடைக்காரர் பெருமூச்சு விட்டார்.

"மாமியா வந்து மூணு மாசம் ஆச்சு அண்ணாச்சி. நானும் வீட்ல இப்படித்தான் ஒதுங்கிக் கெடக்கேன்."

ஏழு

திருச்செந்தூர்ப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து அந்தோணி வந்தார். துறைமுக வேலைக்கு உடல் தகுதிச் சான்று வேண்டும். அடுத்த மாதத்தோடு வயது வரம்பு முடிகிறது. இதை விட்டால் வேறு வாய்ப்பில்லை.

படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டிய டாக்டரம்மா, "இதயம் பெரிசா தெரியுதே, தகுதி இல்லன்னுதான் எழுதணும்" என்று பேனாவைத் திறந்தார். நான் வழக்கம்போல முதுகுப்புற விலா எலும்புகளை மேலிருந்து எண்ணிக்கொண்டிருந்தேன். முழு மூச்சு இழுத்தால் பத்தாவது வரை தெரியும். மூச்சு குறைந்தால் இதயம் அகலமாகத் தெரியும். இதில் ஏழு. பதினொரு வருஷத்தில் அவர் முன்னால் "சரிங்கம்மா" தவிர நான் எதுவும் பேசியதில்லை. பேனா தாளைத் தொட்டுவிட்டது.

"அம்மா... ஏழுதான் இருக்கு. மூச்சு பத்தல."

அவர் தானும் எண்ணிவிட்டு, "இன்னொரு படம் எடுங்க" என்றார்.

படம் எடுக்கும்போது ஆள் பலகையை ஒட்டி நிற்பதால் நமக்கு முதுகுதான் தெரியும். இந்தத் தடவை பக்கவாட்டில் போய்ப் பார்த்தேன். அந்தோணி வயிற்றை முதுகோடு ஒட்ட எக்கியிருந்தார்.

"ஏன்வே எக்குதீரு?"

"வேலைக்கு நெஞ்சளவு எடுக்கையில இப்படித்தானே நிக்கச் சொல்லுதாங்க? மூணு வருசமா பழகுதேன்."

நுரையீரலுக்குத் தானாக விரியத் தெரியாது, அடியில் குடைபோலக் கவிழ்ந்திருக்கும் தசை கீழே இறங்கினால்தான் அதற்குள் காற்று போகும், வயிற்றை எக்கினால் அது எங்கே இறங்கும் என்று கேட்டேன். அவர் கூச்சத்தோடு வயிற்றைத் தளர்த்தினார்.

படம் கழுவி வந்தது. பத்து. இதயம் அதன் அளவில் இருந்தது. சான்றில் கையெழுத்து விழுந்தது.

"வயித்தை எக்கி எக்கி வேல தேடுனேன் அண்ணாச்சி. தள்ளிக்கிட்டு நின்னதும் கெடைக்குது பாருங்க!"

மறுநாள்

டாக்டரம்மா கூப்பிட்டார். தப்பாகிவிட்டதோ என்று நின்றேன்.

"இத்தனை வருஷமா எண்ணிக்கிட்டா இருந்தீங்க? இனிமே படத்தை மாட்டும்போதே வாய் திறந்து சொல்லிருங்க."

அதன்பின் ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு நெஞ்சுப் படத்துக்கும் ஒரே ஒரு எண்ணைச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் எனக்கு வாயாடி என்று பெயர் வந்துவிட்டது.