தாச்சி பழக்கிய ஞாயிறு

காலை ஆறு இருபது. முதலில் கண்ணில் பட்டது, கிணற்றுக்கட்டில் கவிழ்ந்திருந்த, மீன் பொரிக்கும் புது இரும்புத் தாச்சியும் அதன்மேல் ஏறி நின்ற காகமும்.

தாச்சியை முதல்நாள் ஆள் மூலம் அனுப்பியவர் என் மனைவியின் அண்ணை, குருநகரில் கடற்றொழில் செய்பவர். பத்திரிகையில் வேலை செய்த சைவசமயக்காரனான என்னைத் தங்கை கட்டியதிலிருந்து இரண்டு வருடமாக அவர் எங்கள் நல்லூர் வீட்டில் கைநனைத்ததில்லை. தாச்சியோடு ஒரு சொல்லும் வந்திருந்தது: "நாளைக்குத் தேவாலயத்திலை பூசை முடிய மீனோடை வாறன். ஒட்டாமல் பொரிச்சால் சாப்பிடுவன். ஒட்டினால் வந்த வழியே போயிடுவன்."

அடுத்த கிழமை நல்லூர்க் கோயிலில் கொடியேற்றம். பிறகு இருபத்தைந்து நாள் எங்கள் ஒழுங்கையில் எவர் வீட்டிலும் மீன் கிடையாது. அன்றைக்கே நடந்தாக வேண்டும்.

தாச்சி முழுக்கக் கடைக்காரர் பூசிய கிறீஸ். பொருளாதாரத் தடையால் சவர்க்காரம் அகப்படாத காலம். சாம்பலும் தேங்காய்த் தும்பும் கொண்டு நான் தேய்த்தேன். மனைவி அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றிக் கொதிக்க வைத்தாள். முதல் தண்ணீர் மைபோல வந்தது. தெளியும்வரை மாற்றினாள். பிறகு நல்லெண்ணெய் பூசி, துருவிய தேங்காய்ப்பூவைப் போட்டுக் கருகக் கருக வறுத்தாள். பரீட்சைக்கு ஒரு சூடை மீன் போட்டோம். தோல் முழுவதும் இரும்போடு ஒட்டிப் போயிற்று.

"அழாதை," என்றேன்.

"ஆர் அழுதது? புகையப்பா. ஊமலைப் போடுங்கோ!"

காய்ந்த பனங்கொட்டை ஓடான ஊமல் விறகைப்போல எழுந்து அடங்காது, நின்று எரியும். அந்தச் சூட்டில் எண்ணெயை மெல்லிசாகப் பூசிக் காய்ச்சினாள். ஆறவிட்டு மறுபடியும் பூசினாள். சாம்பல் நிறம் போய்க் கறுப்பில் ஒரு மினுக்கம் தெரிந்தது.

வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டக்கா கத்தினார்: "என்ன பிள்ளை, வீடு எரியுதோ?"

"இல்லையக்கா, தாச்சி பழக்கிறன்!"

"பழக்கி? பள்ளிக்கூடம் அனுப்பவோ?"

அண்ணை வந்தார். வாசல் படலையடியில் சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலை ஊன்றி நின்றார். கைப்பிடியில் பாரை மீன் தொங்கியது.

"ஓ, பேப்பர்க்காரரும் அடுப்பூதுறாரோ?"

"இறங்கி வாங்கோ அண்ணை," என்றாள் அவள் குசினியிலிருந்து.

"முதலிலை பொரி. பிறகு பாப்பம்."

மீனை நான் வாங்கிக்கொண்டு போனேன். அவள் வெட்டி, உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிரட்டினாள். அவ்வளவு நேரமும் அவர் சைக்கிளில்தான் இருந்தார். அங்கிருந்து பார்த்தால் அடுப்பு தெரியும்.

முதல் துண்டு சீறிக்கொண்டு விழுந்தது. அவள் தொடவில்லை.

"திருப்படி, கருகப்போகுது!" அண்ணையின் கழுத்து நீண்டது.

"பொறுங்கோ."

தட்டகப்பையை அடியில் விட்டாள். தேவைப்படவில்லை, துண்டு தானாகவே வழுக்கி நகர்ந்தது. நான் கைதட்டிவிட்டேன். அண்ணை சைக்கிளைப் படலையில் சாத்திவிட்டுக் கிணற்றடிக்குக் கை கழுவப் போனார்.

பகல் இரண்டு மணிக்குத் தாச்சியில் மிஞ்சியிருந்தது வால் துண்டு ஒன்று.