கிளட்சில் ஏறிய காற்று

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். கத்தித் தீர்த்துவிட்டு மறந்துவிடுவேன். என் மனைவி கத்தமாட்டாள், பேச்சை நிறுத்திவிடுவாள். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு ஜூன் மாதம், நாங்கள் பிழைக்கப் போன மராத்தி ஊரில், கோர்படியில் குடியிருந்த வீட்டில் நான்கு நாள் பேச்சுவார்த்தை இல்லை.

ரயிலில் போகும் தூரத்திலிருந்த தளேகாவில் ஒரு பள்ளி விடுதிக்கு அவளை வார்டனாக அழைத்திருந்தார்கள். பதினைந்து வருடம் டீச்சராகவே இருந்தவளுக்குக் கிடைத்த முதல் உயர்வு. திங்கட்கிழமை சேர வேண்டும், அங்கேயே தங்க வேண்டும், ஞாயிறு மட்டும் வீடு. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவளும் போய்விட்டால் அந்த இரண்டு அறைகளில் நான் என்ன செய்வேன் என்று கேட்டிருக்கலாம். "போகணும்னா போ, எனக்கென்ன?" என்றுதான் வாயில் வந்தது.

அதற்கு முன்பே ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன், அவள் சாமான்களை என் வண்டியிலேயே கொண்டுபோய் இறக்குவதாக. போசரியில் எனக்குச் சின்னதாக ஒரு லேத் பட்டறை. இரும்பு ஏற்றிவர வாங்கிய பழைய பிக்கப் அது. சண்டைக்கு மறுநாள், புதன்கிழமை, ரயில்வே கேட் அருகே கிளட்சை மிதித்தேன். பெடல் தரையோடு போய்ப் படுத்துக்கொண்டது. பின்னால் நின்றவர்கள் எல்லா மொழியிலும் திட்டினார்கள். முதல் கியரிலேயே ஸ்டார்ட் செய்து ஊர்ந்து ஊர்ந்து வீடு சேர்ந்தேன்.

அந்த வண்டியில் கிளட்ச் ஆயிலில் வேலை செய்வது. பெடலுக்குப் பின்னால் ஒரு சிலிண்டர், கீழே கியர்பாக்ஸ் பக்கத்தில் ஒரு சிலிண்டர், நடுவே குழாய். கீழ்ச் சிலிண்டர் ஈரமாக இருந்தது. அதுதான் என்று முடிவு கட்டி, வியாழக்கிழமை அதன் ரப்பர்களை மாற்றினேன். பிறகு உள்ளே புகுந்த காற்றை எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் கீழே காற்று வெளியேறும் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும்.

நான் அவளைக் கூப்பிடவில்லை. ஆயில் பாட்டிலையும் ஸ்பேனரையும் அவள் கண்ணில் படும்படி வைத்தேன், அவ்வளவுதான். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். நான் கோணிச் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தேன்.

"அமுக்கு."

"அமுக்கியாச்சு."

"விடு."

"விட்டாச்சு."

நான்கு நாளில் எங்களுக்குள் நடந்த பேச்சு இவ்வளவுதான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், குழாயிலிருந்து காற்றெல்லாம் வெளியேறிய பிறகும் இன்னும் நாலு தடவை அமுக்கச் சொன்னேன். அந்தக் குரலைக் கேட்க வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பெடல் மறுபடியும் தரையில் கிடந்தது. மறுபடியும் காற்றெடுத்தோம். சனிக்கிழமை காலையிலும் அதே கதை. மேலே கிளட்ச் ஆயில் ஊற்றும் டப்பாவில் ஆயில் குறைந்துகொண்டே போகிறது. வண்டிக்கு அடியில் மராத்திப் பேப்பரை விரித்து வைத்தால் ஒரு சொட்டுக் கறை இல்லை. வீட்டுக்குள் அவள் பெட்டி கட்டிவைத்தாயிற்று. நான் வேண்டுமென்றே இழுத்தடிக்கிறேன் என்று அவள் நினைக்கிறாளோ என்று எனக்கு உறுத்தியது. இழுத்தடிக்கவில்லை. ஆனால் சரியாகாமலே போனால் நல்லது என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு ஓடாமல் இல்லை.

அன்று சாயங்காலம் அடியிலிருந்து எழுந்து வந்து, யாரிடமும் இல்லாமல் பொதுவாகக் கத்தினேன்.

"கீழ ஒரு பொட்டு இல்ல. ஆயில் எங்கதான் போகுது?"

டிரைவர் சீட்டில் இருந்த அவள் வலது கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, இடது காலைத் தூக்கி என் பக்கம் நீட்டினாள். செருப்பின் அடிப்பாகம் முழுக்க ஆயில். டார்ச்சை வாங்கிக் குனிந்து பார்த்தேன். பெடலுக்குப் பின்னால், மேல் சிலிண்டரிலிருந்து கசிந்து, பெடல் கம்பி வழியாக, காலடியில் விரித்திருந்த ரப்பர் விரிப்பில் இறங்கித் தேங்கியிருந்தது.

"இது எப்ப இருந்து?"

"வியாழக்கிழமையே வழுக்குச்சு."

"வாயைத் தொறந்து சொன்னா என்ன?"

"சொல்லியிருந்தா அன்னைக்கே சரியாயிருக்கும்லா" என்றாள், பெடலைப் பார்த்துக்கொண்டு.

எனக்குச் சண்டை போட ஒன்றும் மிச்சமில்லை. கடை அடைக்கும் முன் ஓடிப்போய் மேல் சிலிண்டருக்கான ரப்பர் செட்டை வாங்கி வந்து மாட்டினேன். இந்தத் தடவை பெடல் கல் மாதிரி நின்றது. அவள் மூன்று முறை மிதித்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றாள். குரலில் சந்தோஷம் இல்லை. எனக்கும் இல்லை.

ஞாயிறன்று தளேகாவில் சாமான்களை இறக்கிக் கட்டிலைப் போட்டு முடித்தோம். அவள் வண்டி வரை கூட வந்தாள்.

"அடுத்த வாரம் டிரெயின்ல வந்துருதேன். நீங்க அலைய வேண்டாம்."

"டிரெயின் எதுக்கு?" என்றேன். "சனிக்கிழமை சாயங்காலமே வந்து கூட்டிட்டுப் போறேன். வண்டிதான் சரியாயிட்டுல்லா."