புள்ளிக்கோட்டுக்குக் கீழே ஒரு வீடு

சென்னை மெட்ரோ ரயிலின் விரிவாக்க வரைபடத்தில் இரண்டு வகைக் கோடுகள் உண்டு. முழுக்கோடு என்றால் அங்கே ரயில் ஓடுகிறது, அல்லது ஓடுவதற்காகத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். புள்ளிக்கோடு என்றால் அந்தப் பக்கமும் போனால் நன்றாயிருக்கும் என்று யாரோ ஒரு கூட்டத்தில் பேசியிருக்கிறார்கள். அவ்வளவுதான். ஆய்வு நடக்கலாம், நடக்காமலும் போகலாம். வாழ்நாள் முழுக்கச் சாலைகளுக்கு வரைபடம் போட்டுச் சம்பளம் வாங்கிய எனக்கு இது தெரியாமல் இல்லை. நானே எத்தனையோ புள்ளிக்கோடுகள் போட்டிருக்கிறேன். அவற்றில் பல இடங்களில் இன்றைக்கும் கருவேலம்தான் நிற்கிறது.

தெரிந்தும் என் மருமகளிடம் பொய் சொன்னேன். அந்தப் பொய்யை நம்பவைத்து ஒரு வீட்டை வாங்கி, அவளை அதில் குடிவைத்தேன். அதனால் அவளுடைய வேலையே போகும் நிலை வந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் சமூகத்தில் மகனுக்குத் திருமணமாகிச் சிறிது காலம் கழித்து அவனையும் மருமகளையும் ‘வேறு வைப்போம்’. சண்டை போட்டுப் பிரிப்பது அல்ல. தனி அடுப்பு, பாத்திரங்கள், ஒரு வருஷத்துக்கு வேண்டிய அரிசி பருப்பு எல்லாம் கொடுத்து, இனி உங்கள் குடும்பத்தை நீங்களே நடத்துங்கள் என்று வைப்பது. முன்பெல்லாம் ஒரே வீட்டுக்குள் ஒவ்வொரு மகனுக்கும் ஒரு அடுப்பாக இது நடந்தது. இப்போது பிள்ளைகள் சென்னையில் இருக்கிறார்கள், அடுப்பும் அங்கே போய்விட்டது. பங்காளிகள் வந்து பார்த்து, குறை சொல்லிவிட்டுப் போவது மட்டும் மாறவில்லை.

என் மகன் திருமணம் என் மனைவி இறந்த பிறகு நடந்தது என்பதால் எல்லா முடிவும் என்னுடையதாக இருந்தது. மருமகள் பள்ளத்தூர்ப் பெண். காது கேளாத குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பவள். சென்னை நகரின் நடுவில் உள்ள ஒரு சிறிய மையத்தில் வேலை. காதில் கருவி பொருத்திய குழந்தைகள் பள்ளிக்கூடம் போவதற்கு முன், காலையில் அங்கே வருவார்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு நேரம் ஒதுக்கியிருக்கும். அது தவறினால் அன்றைய பயிற்சி போனது போனதுதான்.

வேறு வைக்க நாள் பார்த்தபோது, காரைக்குடி வீட்டில் எல்லோரும் இருக்கையில் அவள் சொன்னாள்.

“மாமா, மையத்துக்குப் பக்கத்துலயே ஒரு வாடகை வீடு பாத்து வச்சிருக்கோம். சின்னதுதான். ஆனா நடந்தே வேலைக்குப் போயிரலாம்.”

நான் வாயைத் திறக்கும் முன் என் பங்காளி, அண்ணன் முறை, சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

“ஏப்பா, எஞ்சினியர் வீட்டுப் பிள்ளைய வாடகை வீட்டுலயா வேறு வைக்கப் போற? பொண்ணு வீட்டுல குடுத்த சாமானுக்கே தனியா ஒரு வீடு வேணும். அண்டாவ எல்லாம் பால்கனியிலயா தொங்கவிடுவ?”

கூடியிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குத் தைத்தது. இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. ஒரு பெண்ணின் வேலையை ஒரு பக்கமும் பித்தளை அண்டாக்களை ஒரு பக்கமும் வைத்துப் பார்த்து, நான் அண்டாக்களின் பக்கம் சாய்ந்தேன்.

சொந்த வீடு, அதுவும் பெரிய வீடு வேண்டுமென்று தேடினால் நகரத்துக்குள் எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. நகரம் முடிந்து, ஏரி முடிந்து, அதற்கும் அப்பால் மூன்று படுக்கையறை வீடு கிடைத்தது. விற்றவர்கள் வாசலில் பெரிய பலகை வைத்திருந்தார்கள். அதில் ஒரு மெட்ரோ ரயில் எங்கள் கட்டடத்தை உரசிக்கொண்டு பறந்தது. ரயில் பெட்டிக்குள் சிரிக்கும் முகங்கள். இந்தப் பலகை வைக்கிறவர்களைப் பற்றி நாகரிகமாக எழுத எனக்கு வரவில்லை. ரயில் வருமோ வராதோ, அதன் பெயரைச் சொல்லி விலை முதலில் வந்து இறங்கிவிடுகிறது. பொட்டலில் ஒரு கோட்டைக் காட்டி, வராத ரயிலுக்கு இன்றைக்கே கட்டணம் வாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் அவர்கள் விற்கிற தொழிலில் இருப்பவர்கள். எனக்கு என்ன வந்தது?

முன்பணம் கொடுப்பதற்கு முன் வரைபடத்தைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து, மகனுக்கும் மருமகளுக்கும் விளக்கினேன். மகன் தலையாட்டிக்கொண்டிருந்தான். அவள் குனிந்து பார்த்து, விரல் வைத்துக் கேட்டாள்.

“மத்த கோடெல்லாம் நேரா இருக்கு. நம்ம வீட்டுக்கு வர்ற கோடு மட்டும் ஏன் மாமா புள்ளி புள்ளியா இருக்கு?”

“வேலை நடக்குதுன்னு அர்த்தம். மூணு வருசத்துல வீட்டு வாசல்ல ஏறி, மையத்து வாசல்ல எறங்கிருவ.”

“நெசமாவா மாமா?”

“நான் பாக்காத பிளானா?”

அவளும் எஞ்சினியர் சொன்னால் சரியாக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

வேறு வைத்த நாளில் பங்காளிகள் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். அண்டாக்களுக்குத் தனி அறை. அண்ணன் முறைக்காரர் அதன் கதவைத் திறந்து பார்த்து, “இப்பத்தாம்ப்பா வீடு மாதிரி இருக்கு” என்றார். எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

வருஷங்கள் போயின. புள்ளிக்கோடு புள்ளிக்கோடாகவே இருந்தது. முழுக்கோடு போட்ட இடங்களில் எல்லாம் தோண்ட ஆரம்பித்தார்கள். அதுதான் கொடுமை. அவள் வீட்டிலிருந்து ரயில் ஓடும் நிலையத்துக்குப் போக வேண்டிய சாலை, வேறு யாருக்கோ வரப்போகும் ரயிலுக்காகப் பாதியாகச் சுருங்கியது. மகனுக்கு வீட்டிலிருந்தே கணினியில் வேலை. போனில் கேட்டால், “பழகிரும் அப்பச்சி” என்பான்; அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். பழக வேண்டியது அவன் இல்லையே!

போன தை மாதம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு நாள் காலையில், நானும் கூட வருகிறேன் என்று மருமகளோடு கிளம்பினேன். இருட்டுப் பிரியும்போதே பேருந்து நிறுத்தத்தில் கூட்டம். ஏறியதும் நடத்துநர் என்னைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“பெருசு, படியில நிக்காத, உள்ள வா. மெட்ரோ வந்ததும் ஏசியில குந்திக்கினு போவியாம். அதுவரைக்கும் இந்த ஜன்னல்தான் உன் ஏசி.”

“எப்பண்ணே வரும்?” என்றார் பக்கத்தில் ஒருவர்.

“என் பேரன்தான் ஓட்டுவான். உன் பேரன இட்டுக்கினு வா, டிக்கெட்டு இல்லாம ஏத்திக்கிறேன்.”

பேருந்தே சிரித்தது. மருமகள் சிரிக்கவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. தகரத் தடுப்புகள் ஆரம்பிக்கும் இடத்தில் வண்டி நின்றுவிட்டது. “எறங்கிருவோம் மாமா, நடந்தா சீக்கிரம் போயிரலாம்” என்றாள். தடுப்புக்கும் சாக்கடைக்கும் நடுவே ஒற்றை ஆள் நடக்கும் இடம். லாரிகள் சேற்றை வாரி அடித்துக்கொண்டு போயின. அவள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடாத குறையாக நடந்தாள். அந்தத் தடுப்புகளில் எல்லாம், உங்கள் நாளைய வசதிக்காக இன்றைய சிரமத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார்கள். யாருடைய நாளை? அவள் இருக்கும் பக்கத்துக்கு நாளையே கிடையாது.

கடைசியில் ரயிலில் ஏறினோம். ரயில் மோசமாக இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அது குளிர்ச்சியாக, சுத்தமாக, சத்தமில்லாமல், சொன்ன நேரத்துக்குப் போயிற்று. அது வரும் இடத்தில் வீடு வாய்த்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். மருமகள் கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்கிவிட்டாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் கதவுக்கு மேலே இருந்த நிலையங்களின் பெயர்களைப் படித்துக்கொண்டு வந்தேன்.

மையத்துக்குப் போனபோது நேரம் கடந்திருந்தது. வராந்தாவில் ஓர் இளம் தாய், நாலு வயது இருக்கும் மகளோடு உட்கார்ந்திருந்தார். பயிற்சி அறைக்குள் வேறொரு ஆசிரியை அடுத்த குழந்தையை வைத்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டார்.

“எங்க டைம் போச்சு மேடம்” என்றார் அந்தத் தாய். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. “விடியறதுக்குள்ள இவள எழுப்பி இட்டாறேன். நீங்களும் எங்கிருந்தோ அடிச்சிப் புடிச்சித்தான் வர்றீங்க, தெரியுது. ஆனா இவளுக்குப் பேச்சு வர்ற வயசு நமக்காக நிக்குமா?”

மருமகள் வராந்தாவிலேயே தரையில் உட்கார்ந்து, குழந்தையின் உள்ளங்கையைத் தன் வாய்க்கு முன்னால் பிடித்து ‘ப’ என்றாள். கையில் காற்றுப் பட்டதும் குழந்தை சிரித்தது. தன் கையை எடுத்துத் தன் வாயருகே வைத்து ஊதிப் பார்த்தது. வெறும் காற்றுதான் வந்தது. மறுபடியும் சொல்லிக் கொடுத்தாள். அதற்குள் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று தாய் எழுந்துவிட்டார்.

நான் ஒரு மூலையில் நின்று இதைப் பார்த்தேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் பலகை வைத்தவனை, தோண்டுகிறவனை, என் மகனை, பங்காளியை எல்லாம் மனத்துக்குள் வைதேன். வைது முடித்தபோது நான் ஒருவன்தான் மிச்சமிருந்தேன். அவர்களில் யாரும் புள்ளிக்கோட்டைப் பற்றி அவள் கேட்டதற்குப் பதில் சொன்னவர்கள் இல்லை.

அன்று சாயங்காலம் திரும்பும் வழியில் சொன்னாள்.

“மாசக் கடைசியோட வேலைய விட்டு நின்னுக்கிறேன்னு சொல்லிட்டேன் மாமா.”

“உன்னைய யாரு நிக்கச் சொன்னா?”

“யாரும் சொல்லல. அந்தம்மா கேட்டதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. நேரத்துக்கு வர்ற ஆளு யாராச்சும் அந்த எடத்துல இருக்கட்டும்.”

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது மகனையும் வைத்துக்கொண்டே சொல்லிவிட்டேன்.

“அன்னைக்கு நீ அந்தக் கோட்டப் பத்திக் கேட்டப்ப நான் பொய் சொன்னேன். அங்க எந்த வேலையும் நடக்கல. நடக்கும்னு சொல்லவும் முடியாது. அது எனக்கு அப்பவே தெரியும்.”

அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

“தெரிஞ்சேதான் சொன்னீகளா?”

“தெரிஞ்சேதான்.”

“தெரியாமச் சொல்லிட்டீகன்னுல்ல இத்தன நாளும் நெனச்சேன். பஸ்ஸுல நசுங்குறப்பல்லாம், பாவம், மாமா நல்லதுன்னு நெனச்சுத்தானே வாங்கிக் குடுத்தாகன்னு உங்களுக்காக நானே எங்கிட்ட வக்காலத்து வாங்குவேன். அதுக்கும் வழியில்லாமப் பண்ணிட்டீகளே மாமா!”

“விடு, அப்பச்சி வயசானவுக...” என்று மகன் ஆரம்பித்தான்.

“நீங்க பேசாதீக. நீங்க இந்த வாசப்படியத் தாண்டி எத்தன நாளாச்சு?”

அவன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

மறுநாளே மையத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் வீடு தேட ஆரம்பித்தேன். மாடியில் இரண்டு அறைகள் கொண்ட ஒரு வீடு கிடைத்தது. பழைய வீடு, வெயில் நேராக இறங்கும். வாடகை என் ஓய்வூதியத்திலிருந்து என்று சொன்னேன். அவள் என் மகனிடம் மட்டும், “எப்பப் போறோம்?” என்று கேட்டாளாம். உடுப்பும் படுக்கையும் அடுப்பும் போயின. மற்றவை அந்தப் பெரிய வீட்டிலேயே பூட்டிக் கிடக்கின்றன. விற்கலாமென்றால், ரயில் வந்த பிறகு வாங்கிக்கொள்கிறோம் என்று வருகிறவர்கள் சொல்கிறார்கள். அவர்கள் என்னைவிடப் புத்திசாலிகள்.

காரைக்குடி திரும்பியதும் அண்ணன் முறைக்காரர் போன் செய்தார்.

“என்னப்பா, பிள்ள வாடகை வீட்டுக்கு எறங்கிட்டானாமே?”

“ஆமாண்ணே. அந்தப் பெரிய வீடு நான் பொய் சொல்லிக் குடிவச்ச வீடு. மருமக கேட்டப்பவே இந்த மாதிரி வீட்டப் பாத்திருக்கணும். நீங்க சிரிச்சீகன்னு நான் வீம்புக்கு நின்னேன்.”

“சரி, பிள்ளையார்பட்டிக் கோயிலுக்கு எப்ப வர்ற?” என்று பேச்சை மாற்றினார்.

மருமகள் மையத்தில் போய், நிற்கப் போவதாகச் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். அதற்குள் காலை நேரத்துக்கு வேறொருவரை எடுத்துவிட்டார்கள். அது சரிதான், குழந்தைகள் காத்திருக்க முடியாது. இவளுக்குப் பிற்பகலில் வரும் பெரிய பிள்ளைகளைக் கொடுத்தார்கள். அந்த நாலு வயதுப் பெண் இப்போது புதியவரிடம் பயில்கிறாள். மருமகள் பத்து நிமிஷத்தில் நடந்து வேலைக்குப் போகிறாள்.

எனக்குப் போன் செய்வதை அவள் நிறுத்தவில்லை. மரியாதைக்குக் குறைவில்லை. “சாப்டீகளா மாமா, மாத்திரை போட்டீகளா” என்று கேட்கிறாள். முன்பெல்லாம் எந்தக் குழந்தை எந்த எழுத்தைச் சொல்லிற்று, எது அம்மா என்று கூப்பிட்டது என்று விடாமல் சொல்லிக்கொண்டிருப்பாள். இப்போது நானாகக் கேட்டால், “எல்லாரும் நல்லா இருக்காக மாமா” என்று சொல்லி, மகனிடம் போனைக் கொடுத்துவிடுகிறாள்.