கன்னத்தில் வரையாத பட்டாம்பூச்சி

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில், தோலுக்குச் சாயம் அடிக்கும் பிரிவில் அப்போது எனக்கு வேலை. எங்கள் சர்ச் வாலிபப் பிள்ளைகளின் ஒன்றுகூடலுக்கு அந்த வருஷம் நான்தான் பொறுப்பு. கன்னத்தில் பட்டாம்பூச்சி வரைந்து, குரூப் போட்டோ எடுத்து, ஆளுக்கொரு பிரிண்ட் கொடுப்பது என் திட்டம். வியர்வையில் கலையக்கூடாதே என்று கம்பெனிச் சாயத்தையே ஒரு பாட்டிலில் கொண்டுபோனேன்.

முதலில் வந்து உட்கார்ந்த ஜெனிபர், "அக்கா, மொதல்ல உங்க கையில வரைங்க, பாக்கலாம்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "தெனமும் இதுலதான் வேலை செய்றேன், எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிக்கொண்டே என் புறங்கையில் வரைந்தேன்.

சற்று நேரத்தில் கை எரிந்தது. சோப்புப் போட்டுத் தேய்த்தும் சாயம் போகவில்லை. தோல் சிவந்து தடித்தது. கம்பெனியில் கையுறை இல்லாமல் அதை நான் தொட்டதே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"இன்னாக்கா ஆச்சு?"

"நல்லவேளை, நீ சொன்னேம்மா" என்று பாட்டிலை மூடினேன்.

ஜெனிபர் ஓடிப்போய், கூடப் படிக்கும் ஷபானாவை மெஹந்தி கோன்களோடு அழைத்து வந்தாள். போட்டோவில் பிள்ளைகள் எல்லாரும் உள்ளங்கையைக் காட்டிச் சிரிக்கிறார்கள். நான் மட்டும் கையைப் பின்னால் மறைத்திருக்கிறேன்.

இன்றும் ஆல்பத்தைத் திறந்தால் அந்த மெஹந்தியை நான் பார்ப்பதில்லை. ஒவ்வொரு கன்னமாகப் பார்த்துவிட்டுத்தான் மூடி வைக்கிறேன்.