மலசலகூடக் குழிக்குள் இருந்த பானை

தொல்லியல் படிக்கப் போகிறேன் என்றபோது அம்மா ஒன்றுதான் கேட்டார். "முடிச்சாப் பிறகு ரீச்சர் வேல எடுக்கலாமா?" எடுக்கலாம் என்று சொல்லிவைத்தேன். ஆனால் எடுக்கவில்லை. பல்கலைக்கழக அகழாய்வுக் குழு ஒன்றில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்தேன். அம்மா கொஞ்சக் காலம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

முதன்முதலாக என் பொறுப்பில் வந்த இடம் வாகரையில் ஒரு மீனவரின் வீட்டு வளவு. மலசலகூடத்துக்குக் குழி வெட்டியபோது கறுப்பும் சிவப்புமான பானை ஓடுகள் வந்திருந்தன. அந்த மாதிரி ஓடுகள் மிகப் பழையவை. அனுமதி எடுத்துக்கொண்டு ஓடினேன்.

வீட்டுக்கார அக்கா கடப்படி வாசலிலேயே மறித்து நின்றார்.

"ஒளிக்காமச் சொல்லுங்க புள்ள. பழைய சாமான் கிடந்தா அரசாங்க ஆக்கள் வந்து காணிய எடுத்துப் போடுவாங்களாமே?"

வீண் பயம் என்று சொல்ல வாய் வரவில்லை. எங்கள் மாவட்டத்தில் அந்தப் பயத்தோடு இருக்கிற பலரைச் சந்தித்திருக்கிறேன்.

"நாங்க தோண்டி, அளந்து, மூடித் தந்திட்டுப் போவம் அக்கா. காணி எடுக்கிற ஆக்கள் நாங்க இல்ல. ஆனா வேற ஆரும் வரமாட்டாங்க எண்டு என்னால சத்தியம் பண்ண ஏலாது."

என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். "மழைக்கு முந்தி எங்களுக்குக் கக்கூசு வேணும். அதுக்கு என்ன சொல்றீங்க?"

அதற்கு வழி இருந்தது. வளவின் மறு மூலையில் ஓடுகள் இல்லை என்று பார்த்து உறுதிசெய்து, எங்கள் ஆட்களைக் கொண்டே முதலில் அங்கே புதுக்குழி வெட்டிக் கொடுத்தோம். பிறகுதான் பழைய குழியில் இறங்கினேன்.

அடியில் வாய் மட்டும் உடைந்த ஒரு பானை இருந்தது. தூரிகையால் மண்ணைத் தட்டத் தட்ட உள்ளே மீன் முள்ளுகள் தெரிந்தன. அக்கா குழி விளிம்பில் குந்தியிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன மீன் புள்ள?"

"தெரியாது. ஆய்வுக்கு அனுப்பித்தான் பாக்கணும்."

அதன் பிறகு எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகளில் பாதி அவருடையவை. "மீன் என்னெண்டு தெரிஞ்சுதா?" முடிவு வந்ததும் முதலில் அவருக்குத்தான் சொன்னேன். "கொடுவா மீனாம் அக்கா." மறுமுனையில் சிரித்து ஓயவே நேரமானது. "அதத்தானே புள்ள இவர் இண்டைக்கும் பிடிச்சிட்டு வந்தவர்!"

காணி கேட்டு இதுவரை எவரும் வரவில்லை. அவர்கள் வீட்டைப் பெருப்பித்துப் பால் காய்ச்சினபோது எனக்கும் சொல்லி அனுப்பினார்கள். போனேன். சொந்தக்காரர் ஒருவர் என்னைக் காட்டி, "இவ ஆரு?" என்றார்.

"எங்கட வளவக் கிண்டிக் கொடுவா மீன் எடுத்த ஆள்," என்று அக்கா பெருமையாகச் சொல்லி, என் இலையில் இன்னும் கொஞ்சம் பால்சோறு வைத்தார்.